பாலர் பள்ளிக்கு அளவுகோல் வந்த கதை: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டிலிருந்து அரண்மனை வரை ஒரு தடவை நடந்தால் போதும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ் என்று பல மொழிகள் காதில் விழும். மிளகும் சுக்கும் கப்பலேறிய காலத்திலிருந்தே இது பலர் வந்து சேர்ந்த ஊர். நம் தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான். வியாபாரம், கணக்கு வேலை, கோயில் பணி, துறைமுக வேலை, துணி வெளுப்பு என்று வெவ்வேறு தொழில்களுக்காக வெவ்வேறு தலைமுறைகளில் வந்து தங்கியவர்கள். ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் உள்ள தோபி கானாவில் இன்றும் தமிழ்க் குரல் கேட்கிறது.

இந்தக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "குழந்தைக்கு மூணு வயசு ஆகப் போகுது. அங்கன்வாடியா, ப்ளே ஸ்கூலா, பெரிய ஸ்கூல்ல எல்.கே.ஜி.யா? எது நல்லது?" பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் வேன் வருமா, கட்டடம் புதுசா, இங்கிலீஷ் பேசுவாங்களா என்பதை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் எது நல்லது என்பதற்கு எழுதி வைத்த அளவுகோல்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அவை எப்படி வந்தன, யார் வகுத்தார்கள், நம் பிள்ளைகள் போகும் இடத்துக்கு வந்து யார் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதை வரலாற்று வரிசையில் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்கும் முன் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. 'பதிவு' என்பது இப்படி ஒரு பள்ளி இருக்கிறது என்று அரசின் ஏட்டில் ஏறுவது. 'அங்கீகாரம்' என்பது நடத்தலாம் என்ற அனுமதி. 'அக்ரெடிட்டேஷன்' என்று சொல்லப்படும் தர அங்கீகாரமோ, குறித்த தரத்தில் நடக்கிறது என்று ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சான்று தருவது. இந்த மூன்றையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பள்ளிகளின் விளம்பரமும் அந்தக் குழப்பத்தில்தான் வாழ்கிறது.

திண்ணையும் எழுத்துக்களரியும்

தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூடம், மலையாள நாட்டில் ஆசானின் எழுத்துக்களரி. இரண்டிலும் விஜயதசமி அன்று எழுத்து தொடங்கி, மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைகள் பிறகு ஓலைக்கு வந்தார்கள். சர்க்கார் இன்ஸ்பெக்டர் கிடையாது. ஆசிரியர் சரியில்லை என்றால் ஊரார் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், நெல்லும் பணமும் நின்றுவிடும். அதுதான் அன்றைய தரக் கட்டுப்பாடு. அதில் குறையும் பெரிது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமில்லை. பெண் குழந்தைகள் மிகக் குறைவு. பிரம்புக்கு அளவே இல்லை.

இந்த மணல் எழுத்து உலகம் சுற்றிய கதையும் உண்டு. 1789 முதல் சென்னையில் ராணுவத்தாரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் 'மலபார்' என்றே அழைத்தார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தரும் முறையையும் சேர்த்து 1797-ல் அவர் லண்டனில் நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது.

கொச்சிக்கு வருவோம். இன்றைக்கு ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் ஒரே ஊர் போலத் தோன்றினாலும், அன்று இரண்டும் இரண்டு ராஜ்யங்கள். 1795-ல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த கோட்டைக் கொச்சி, சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. அடுத்த தெருவிலிருந்தே தொடங்கும் மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் நாடு. 1818-ல் பாதிரியார் ஜே. டாசன் மட்டாஞ்சேரியில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே கொச்சி ராஜ்யத்தின் முதல் ஆங்கிலப் பள்ளி என்பார்கள்.

ஆக, கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்குச் சென்னைச் சர்க்காரின் விதி, இந்தப் பக்கத்துப் பள்ளிக்குக் கொச்சிச் சர்க்காரின் விதி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் முறை நடந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர் கணக்குப்படி பள்ளிக்குப் பணம். வெளியார் வந்து பார்த்துத் தரம் சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியது இப்படித்தான். அதோடு ஒரு கெட்ட பழக்கமும் வேரூன்றியது. ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைதான் நல்ல பள்ளிக்கு அடையாளம் என்றாகிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை சோதனைக்கு வராது என்பதால் அது யார் கணக்கிலும் வரவில்லை.

1956-ல் கேரள மாநிலம் உருவாகி, 1958-ஆம் ஆண்டின் கேரளக் கல்விச் சட்டமும் அடுத்த ஆண்டு விதிகளும் வந்தபோதுதான் இந்த இரண்டு பக்கங்களுக்கும் ஒரே விதி. 1967-ல் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் நகரசபைகள் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயின.

குழந்தைத் தோட்டத்திலிருந்து அடையாறு வரை

சின்னக் குழந்தைக்கு என்று தனிக் கல்வி வேண்டும் என்ற எண்ணம் 1837-ல் ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய விளையாட்டுப் பள்ளியில் உருவெடுத்தது. அதற்கு அவர் இட்ட பெயர்தான் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைத் தோட்டம். இங்கே 1920-ல் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா பால மந்திர் தொடங்கினார். மட்டாஞ்சேரி குஜராத்திக் குடும்பங்களில் அவர் பெயரைத் தெரியாதவர் குறைவாகத்தான் இருப்பார்கள். அடி கூடாது, கதையும் பாட்டும் விளையாட்டும் பிள்ளையின் சொந்த மொழியில் நடக்க வேண்டும் என்றார் அவர். அவரோடு பணிசெய்த தாராபாய் மோடக் பின்னாளில் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாட்டிலும் ஏழை, ஆதிவாசிக் குழந்தைகளுக்காகப் பள்ளிகள் நடத்தினார். பள்ளிக்குப் பிள்ளை வராவிட்டால் பிள்ளையின் வீட்டு முற்றத்துக்குப் பள்ளி போகட்டும் என்பது அவர் கொள்கை. முற்றம் என்பதற்கான 'அங்கன்' என்ற சொல்லிலிருந்து அங்கன்வாடி பிறந்தது.

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். முதல் வகுப்பிலேயே நாடு முழுவதிலிருந்தும் சுமார் 300 ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். சில மாதங்களில் இத்தாலி போரில் இறங்கியதால் அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். மகன் மாரியோவை அகமத்நகர் முகாமில் வைத்தார்கள். 1940 ஆகஸ்டில், அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்து பணி செய்தார். பல நாட்டாருக்கும் பாடமான இந்த வேலையில் ஒரு பெரும் பங்கு தமிழ் மண்ணில் நடந்தது என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

தரத்தின் வரலாற்றில் மாண்டிசோரிக்கு இன்னொரு இடமும் உண்டு. தன் முறையைக் கற்றுத் தருபவர் முறையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். அதற்காகவே 1929-ல் பன்னாட்டு மாண்டிசோரி சங்கம் தொடங்கி, பயிற்சிச் சான்றிதழை அதன் பொறுப்பில் வைத்தார். ஆனால் பெயரைக் காக்க முடியவில்லை. 1967-ல் அமெரிக்காவில், 'மாண்டிசோரி' என்பது ஒரு கல்வி முறையின் பொதுப் பெயர், யாருக்கும் தனி உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலும் இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம், எழுதுகிறார்கள். போர்டு சொல்வது பெயரை. உள்ளே இருக்கும் டீச்சர் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு தமிழ் அம்மாவின் அறிக்கை

விடுதலைக்குப் பின்னும் பாலர் கல்வி பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் கையிலும், வசதியுள்ளவர் தெருவிலுமே இருந்தது. இதை மாற்றிய அறிக்கை 1972-ல் வந்தது. மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு அமைத்த ஆய்வுக் குழுவின் அறிக்கை அது. தலைமை வகித்தவர் மீனா சுவாமிநாதன். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று பலருக்குத் தெரியும். 'வாஸவேச்வரம்' நாவலை எழுதிய கிருத்திகாவின் மகள் என்பது இலக்கிய அன்பர்களுக்கும் மகிழ்ச்சி தரும்.

மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறு ஒரு துறை, ஊசி ஒரு துறை, படிப்பு ஒரு துறை என்று பிரித்தால் எதுவும் சேராது. எல்லாம் ஒரே இடத்தில், ஒருங்கிணைந்து கிடைக்க வேண்டும். அந்த எண்ணத்தின் மேல்தான் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. கேரளத்தில் முதல் இடம் மலப்புறம் மாவட்டத்தின் வேங்கரை. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2 வயதுக் குழந்தையிலிருந்தே கணக்கெடுத்தது. இன்று அரசுக் கணக்கில் கேரளத்தில் 33 ஆயிரத்துச் சொச்சம் அங்கன்வாடிகள், தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துச் சொச்சம்.

இந்தத் திட்டத்தில் எடை, உயரம், தடுப்பூசி, சாப்பாடு என்று எண்ணக்கூடியவை எல்லாம் ரெஜிஸ்டரில் ஏறின. அதனால் ஏராளமான குழந்தைகளுக்கு நன்மை விளைந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் டீச்சர் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார், குழந்தை எவ்வளவு பேசுகிறது என்பதற்கு ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை. டீச்சருக்கும் ஹெல்பருக்கும் கிடைப்பது சம்பளமல்ல, 'ஹானரேரியம்' என்றே எழுதப்பட்டது. அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில்தான்.

கும்பகோணம் கற்பித்த பாடம்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்து வந்தன. சத்துணவு சமைத்த கொட்டகையில் பற்றிய தீ, மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிஞ்சுகள் போயின. வெளிமாநிலத்தில் இருந்த நாமெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுத நாள் அது.

அந்தப் பள்ளிகள் யாருக்கும் தெரியாமல் மறைவில் நடந்தவை அல்ல. ஊர் நடுவில், அதிகாரிகள் அறிய நடந்தவை. கீற்றுக் கூரை, குறுகலான படிக்கட்டு, ஓட வழியில்லாத வகுப்பறை எல்லாம் வருஷக்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தன. வழக்கில் கல்வித் துறை அதிகாரிகளும் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2014-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை கொடுத்து 11 பேரை விடுவித்தது. இந்தத் தீயை முன்வைத்து உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கில் 2009-ல் வந்த தீர்ப்பு, பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கூறி, தீத்தடுப்பு விதிகளை நாடெங்கும் கட்டாயமாக்கியது.

சோகமான உண்மை என்னவென்றால், பள்ளி விதிகளில் பல இப்படி ஒரு சாவுக்குப் பின்னால் எழுதப்பட்டவை. இன்னொன்றையும் கும்பகோணம் காட்டியது. காகிதத்தில் இருக்கும் அங்கீகாரம் வேறு, நேரில் வந்து பார்ப்பது வேறு. பார்க்க வேண்டியவர் வந்து பார்க்காத சான்றிதழ் வெறும் தாள்.

தமிழில் ஒரு தராசு

கூரையையும் கழிப்பறையையும் எண்ணிவிடலாம். வகுப்பறையில் நடப்பதை எப்படி அளப்பது? 1980-ல் அமெரிக்காவில் ஹார்ம்ஸ், கிளிஃபோர்டு என்ற இருவர் இதற்காக ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். பார்வையாளர் பல மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, இடவசதி, சுத்தம், விளையாட்டுச் சாமான், டீச்சர் குழந்தையோடு பேசும் விதம், பெற்றோருடன் உறவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும்.

அந்த அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் நம் அங்கன்வாடி எல்லாம் தோற்றுவிடும். அங்கே மேசை நாற்காலி, இங்கே பாய். ஆகவே சென்னைத் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுச் சூழலுக்கேற்ப அதை மாற்றி அமைத்தது. 'டீசெர்ஸ்' என்று சுருக்கமாக அழைப்பார்கள். அதை வைத்து, மையத்தின் தரத்துக்கும் குழந்தையின் கற்றல் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2000-த்தில் அறிக்கை வெளியிட்டார்கள். தரம் முக்கியம் என்பதே அதன் தலைப்பும் முடிவும். மீனா சுவாமிநாதன் 2022 மார்ச்சில் காலமானார். 1972-ல் அறிக்கை எழுதியதோடு நிற்காமல், எழுதியபடி நடக்கிறதா என்று அளக்கும் வேலைக்கும் கடைசிவரை துணை நின்றவர் அவர்.

2013: ஏட்டில் ஏறிய தரம்

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 14 வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. கீழ் எல்லை எதுவும் சொல்லவில்லை. 2002-ல் வந்த 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. நல்லதுதான். ஆனால் ஆறு வயதுக்குட்பட்டவர்களைத் தனியே பிரித்து, அவர்களுக்கு அரசு முயற்சி செய்யும் என்று மட்டும் எழுதியது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டமும் அதே கோட்டைத்தான் பின்பற்றியது. பெரிய பிள்ளைக்கு உரிமை, சின்னப் பிள்ளைக்கு முயற்சி!

2013-ல் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை வந்தது. அதோடு பாடத்திட்ட வரைவும் தர நெறிகளும் வந்தன. விட்டுக்கொடுக்கக் கூடாதவை என்று சில அம்சங்கள் குறிக்கப்பட்டன. அவற்றில் முக்கியமானவை:

நாளொன்றுக்கு 3 முதல் 4 மணி நேர நிகழ்ச்சி. 30 குழந்தைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் அறையும், வெளியே 30 சதுர மீட்டர் விளையாட்டு இடமும். 3 முதல் 6 வயது வரை 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர், 3 வயதுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒருவர். பயிற்சி பெற்ற ஆசிரியர். உறுதியான கட்டடம், குடிநீர், ஆண் பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை. வயதுக்கேற்ற விளையாட்டுச் சாமான். வயதுக்கேற்ற பாடம், அதுவும் தாய்மொழி அல்லது வட்டார மொழியில்.

முதலில் எல்லா மையங்களையும் பதிவு செய்வது, பிறகு தர அங்கீகாரம், கடைசியில் முழு ஒழுங்குமுறை என்று படிப்படியாகப் போக வேண்டும் என்றும், ஒழுங்குமுறை ஏற்பாட்டை ஐந்து ஆண்டுகளில் மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் கொள்கை சொன்னது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, மழலையர் கல்வி உட்பட எல்லா நிலைக்கும் தர அங்கீகார முறை வேண்டும் என்று மறுபடி எழுதியது. சொன்னதையே ஏழு வருஷம் கழித்து மறுபடி சொல்ல வேண்டி வந்தது என்றால், வேலை எங்கே நின்றது என்பது விளங்கும்.

கேரளம் தன் வழியில் சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. அரசுப் பள்ளிகளோடு சேர்ந்த ப்ரீ-ப்ரைமரிகளைச் செயல்பாட்டு இடங்களாக மாற்றும் 'வர்ணக்கூடாரம்' திட்டம் ஒன்று. அங்கன்வாடி உணவு இன்னொன்று. உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்ட வீடியோ பரவ, 2025 ஜூனில் அரசு உணவுப் பட்டியலையே திருத்தி முட்டை பிரியாணியைச் சேர்த்தது. ஒரு குழந்தை வாய் திறந்து கேட்டதால் மாநிலத்தின் தர நெறி மாறியது! அந்தக் குழந்தை கேட்டது, கேட்பவர் எல்லாருக்கும் புரியும் மொழியில் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

'அல்லது' என்ற ஒரு சொல்

2013 நெறியில் 'தாய்மொழி அல்லது வட்டார மொழி' என்று இருப்பதைப் பார்த்தோம். கும்பகோணத்திலோ கோட்டயத்திலோ பிறந்த குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். மட்டாஞ்சேரித் தமிழ்க் குழந்தைக்கு அப்படியல்ல. வீட்டு மொழி தமிழ், வட்டார மொழி மலையாளம். அங்கன்வாடியில் மலையாளத்தில் பேசினால் விதி நிறைவேறிவிட்டது. டீச்சர் மேல் குற்றமே இல்லை.

"அட, மலையாளமும் தமிழும் அக்கா தங்கச்சிதானே, குழந்தை ரெண்டு மாசத்துல பிடிச்சுக்கும்" என்பார்கள். பிடித்துக்கொள்ளும், உண்மைதான். அந்த ரெண்டு மாசத்தைத்தான் யோசிக்க வேண்டும். மொழிகள் நெருங்கியவை என்பதாலேயே இந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. நம் பிள்ளைக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது, டீச்சருக்கு அது குடிக்கும் தண்ணீர். நம் பிள்ளை "வயிறு வலிக்குது" என்றால் நோவு. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது, நோவுக்கு வேதனை என்பார்கள். மூன்று வயதில், அம்மாவை விட்டு முதல் தடவை பிரிந்த வாரத்தில், தண்ணீரும் வலியும்தான் குழந்தைக்கு முதலில் தேவைப்படும் சொற்கள். வங்காளமோ இந்தியோ பேசும் பிள்ளை என்றால் டீச்சரே ஜாக்கிரதையாக இருப்பார், சைகையால் கேட்பார். தமிழ்ப் பிள்ளையைப் பற்றி அந்த ஜாக்கிரதையே எழாது.

சட்டத்தில் வழி இருக்கிறதா? 1956-ல் சேர்த்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது தொடக்கக் கல்வி நிலைக்கு. முன்பருவம் அதில் சொல்லப்படவில்லை. கல்வி உரிமை ஆறு வயதில் தொடங்குகிறது. தர நெறியோ 'அல்லது' என்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவே மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள நம் பிள்ளை நிற்கிறது. 2013 கொள்கை, வீட்டு மொழியே முதன்மையாக இருக்க வேண்டும், மற்ற மொழிகளும் பழகட்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. 2022-ன் அடிப்படை நிலைப் பாடத்திட்ட வரைவும் அதையே சொல்கிறது. எழுத்தில் குறையில்லை. வந்து பார்ப்பவர்தான் இல்லை.

முடியாத காரியமா இது? சிங்கப்பூரில் 2011 முதல் மழலையர் பள்ளிகளுக்குத் தர அங்கீகார முறை நடக்கிறது. 2014-ல் அங்குள்ள கல்வி அமைச்சு தொடங்கிய மழலையர் பள்ளிகளில் ஆங்கிலத்தோடு சீனம், மலாய், தமிழ் மூன்றும் தாய்மொழிப் பாடமாகக் கிடைக்கின்றன. அது பணக்கார நாடு என்று ஒதுக்க வேண்டாம். நம் எறணாகுளம் மாவட்டத்திலேயே 2017-ல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டத்தில், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்த தொண்டர்களை வைத்துப் பாலம் போட்டார்கள். அது பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதே யோசனை அங்கன்வாடிக்கும் பொருந்தும்.

நாம் செய்யக் கூடியது

ஆகவே பெற்றோர் பள்ளியைப் பார்க்கப் போகும்போது போர்டையும் பெயின்டையும் விட்டுவிட்டு நாலு விஷயம் கேட்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து.

ஒன்று, ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை? சொல்வதைக் கேட்காமல் நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். இருபதுக்கு மேல் போனால் தயங்க வேண்டும்.

இரண்டு, அவசரம் என்றால் குழந்தைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள்? மாடியில் வகுப்பு என்றால் படிக்கட்டு எப்படி, கேட்டைப் பூட்டி வைக்கிறார்களா? கும்பகோணத்துக்குப் பிறகு இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

மூன்று, மூன்று வயதில் பென்சிலைக் கொடுத்து வரி வரியாக எழுத வைக்கிறார்களா, விளையாட விடுகிறார்களா? ஹோம்வொர்க் நிறைய என்பது தரத்துக்கு அடையாளம் அல்ல. மானியத்துக்காக ஒப்பிக்க வைத்த அந்தக் காலத்தின் மிச்சம் அது.

நான்கு, குழந்தை தமிழில் ஒன்று சொன்னால் புரிந்துகொள்ள அங்கே ஒருவராவது உண்டா? இல்லையென்றால் தண்ணி, பசி, வலி, பயம், ஒண்ணுக்கு, அம்மா எப்ப வருவாங்க என்பது போன்ற இருபது முப்பது சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி டீச்சரிடம் கொடுக்கலாம். எந்த டீச்சரும் மறுக்க மாட்டார்.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. கேரளத்தில் அங்கன்வாடிகள் உள்ளாட்சியின் பொறுப்பில் வருபவை. நம் வார்டு கவுன்சிலரை நேரில் பார்த்துப் பேச முடியும். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் தாய்மார்களும் இடம்பெறும் கண்காணிப்பு, உதவிக் குழு உண்டு. அதில் ஒரு தமிழ்த் தாய் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தமிழ்க் குழந்தைகள் அதிகம் உள்ள மையங்களுக்குத் தமிழ்ப் படக் கதைப் புத்தகங்களும் பாட்டுகளும் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வாரத்தில் ஒரு நாள் போய் ஒரு மணி நேரம் கதை சொல்லலாம். இதெல்லாம் மலையாளத்துக்கு எதிரான காரியம் அல்ல. வீட்டு மொழியில் கால் ஊன்றிய பிள்ளைதான் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பயமில்லாமல் நடந்து போகும்.

திண்ணைக் காலத்தில் ஊராரே தரம் பார்த்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார், திட்டம் வந்தது, கொள்கை வந்தது. 1972-லிருந்து எழுதப்பட்ட ஒவ்வொரு அறிக்கையும் குழந்தைக்கு நல்லதையே சொல்கிறது. அதை மட்டாஞ்சேரியின் ஒரு சின்ன அறைக்குள் வைத்துப் பார்க்கும் அதிகாரி என்றைக்கு வருவார் என்று காத்திருந்தால், இன்றைக்கு மூன்று வயதாக இருக்கும் குழந்தை அதற்குள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடும். வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன், நம் குடும்பங்களில் எத்தனை குழந்தைகள் எந்தெந்த மையத்துக்குப் போகப் போகிறார்கள் என்று சங்கம் ஒரு பட்டியல் எடுத்தால் அதுவே நல்ல தொடக்கமாகும்.